சமபுரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

பண்ணையாரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டதற்காகத்தான் குருவம்மாளுக்கு அந்த வருஷம் நடவு வேலை இல்லாமல் போனது என்று தென்காசியில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் ஒரு சிறுகதை. அந்தக் கதையை அன்றைக்கு உரக்க வாசித்தவர் என் தகப்பனார் ஆவுடைநாயகம். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. கொஞ்சம் கடமையும் இருக்கிறது.

என் தகப்பனாருக்கு அப்போது சித்ராநதி வாசகசாலையில் உத்தியோகம். பெரிய கோவிலுக்கு வடக்கே ஒரு சந்துக்குள் இருந்தது அது. காலையில் கதவைத் திறப்பது, வந்த பத்திரிகைகளைக் கம்பியில் தொங்கவிடுவது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஏதாவது ஒரு கதையை எல்லாரும் கேட்க வாசிப்பது, இவைதான் அவர் வேலை. வாசித்து முடித்ததும் விவாதம் நடக்கும். தலைவர் பண்ணையார் பரமசிவன் பிள்ளை. அவரைக் கெட்ட வாசகர் என்று சொல்ல முடியாது என்பார் என் தகப்பனார். சோகக் கதை கேட்டால் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வாராம். துடைத்த கையோடு வாதாடவும் தொடங்கிவிடுவாராம்.

வாசகசாலையின் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. தெருக் கூட்டுகிறவர்கள் மட்டும் வந்துபோகும் பின்சந்தில் திறக்கிற ஜன்னல். வெள்ளிக்கிழமைகளில் புல்லுக்கட்டு விற்க ஊருக்குள் வரும் குருவம்மாள், கட்டை விற்று முடித்ததும் அந்த ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியில் பிறந்தவர். ஊரில் எல்லாரும் 'அவள்' என்றுதான் அவரைச் சொன்னார்கள். நான் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். பதினாறு வயதில் கல்யாணம். புருஷன் மந்திரமூர்த்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் தோட்டத்திலிருந்து வேறு யாரோ எழுதியது. படிக்கத் தெரிந்ததால் அந்தச் சாவுச் செய்தியை அடுத்தவர் வாயால் கேட்காமல் தானே படித்துக்கொண்டார். படிப்பால் தனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான் என்று பிற்காலத்தில் சிரிக்காமல் சொல்வாராம்.

1934, ஆடி மாதம். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. பட்டணத்து மாதப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த கதையை என் தகப்பனார் வாசித்தார்.

சமபுரி என்று ஒரு நாடு. புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராஜா, இனி இங்கே உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது என்று பறையறைவிக்கிறான். முதல் நாள் மதில்களை இடிக்கிறார்கள், ஜனங்கள் கூத்தாடுகிறார்கள். கதையில் இது ஒரே ஒரு வரி. அப்புறம் வருகிறது செருப்புச் சட்டம். நாட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்பு. அளவு, மந்திரியின் கால். பெரிய கால்காரர்கள் விரலை மடக்கிக்கொண்டு நொண்டுகிறார்கள். குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிய தபால்காரனைப் பிடித்து, அளவுக்கு மிஞ்சிய விரல்களை வெட்டுகிறார்கள். நடந்தால்தானே வம்பு என்று நாடே வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. மாடத்திலிருந்து வெறும் வீதியைப் பார்த்த ராஜா, இப்போதுதான் எல்லாரும் சமம் என்று சந்தோஷப்படுகிறான்.

"பாத்தேரா வே!" என்று பரமசிவன் பிள்ளை தொடையைத் தட்டினார். "சமத்துவம் சமத்துவம்னு மேடை போட்டுக் கத்துதானே, அவன் காதுல இதை ஊத்தணும். கடவுள் அஞ்சு விரலையும் ஒண்ணாவா படைச்சிருக்கார்?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வடகரையில் தறியும் தென்காசியில் துணிக்கடையும் வைத்திருந்த பீர் மைதீன் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு விரலும் ஒண்ணில்ல, சரிதான் அண்ணாச்சி. ஆனா அஞ்சுக்கும் ரத்தம் ஒரே கையிலேருந்துதான போகுது?"

"நீரு வியாபாரி. ரெண்டு பக்கமும் பேசுவேரு" என்று பிள்ளை சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்."

என் தகப்பனார் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள். முந்தானையால் தலையை மூடியிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"சமபுரிய எழுதினவரு ரொம்பத் தூரம் போய்த் தேடியிருக்காரு. அவ்வளவு தூரம் போகாண்டாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாங்க, காட்டுதேன். எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரே அளவுதான். வெறுங்காலு. எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, ஓடு போடக்கூடாது. எவளும் சேலைய முழங்காலுக்குக் கீழ இறக்கக்கூடாது. போன வருஷம் ஒருத்தன் தலப்பா கட்டினான். அத அவுத்து அவன் கையையே கட்டிப்போட்டீங்க. வளந்தா வெட்டி, வளந்தா வெட்டி, எங்கள ஒண்ணுபோல வச்சிருக்குத இந்தச் சட்டத்த எந்த ராசா போட்டான்? அது கதையில இல்லையே. மதில இடிச்ச அன்னைக்கு சனங்க கூத்தாடினாங்கன்னு ஒரு வரியில முடிச்சுட்டாரு. மதிலுக்கு வெளிய நின்னவங்ககிட்டக் கேட்டிருந்தா அந்த ஒரு வரிக்கு ஒரு புஸ்தகம் சொல்லியிருப்பாங்க."

வாசகசாலையில் யாரும் குறுக்கிடாமல் ஒருவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்பார் என் தகப்பனார்.

பரமசிவன் பிள்ளை எழுந்தார். கதைக்கு அவர் பதில் சொல்லவில்லை.

"ஏட்டி, யாருக்கு யாரு அண்ணாச்சி?"

"மரியாதையாத்தான கூப்பிட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிடலையே."

"ஆவுடைநாயகம், ஜன்னல மூடும்வே."

என் தகப்பனார் போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். குருவம்மாளின் விரல்கள் இன்னும் கம்பியில்தான் இருந்தன. கதவு சுண்டுவிரலை நசுக்கியது. பார்க்கவில்லை என்று என் தகப்பனார் கடைசிவரைக்கும் சொன்னார். பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து சத்தமே வரவில்லை.

மறுநாள் காலையில் பண்ணைக் கங்காணி வந்து, குருவம்மாள் நடவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவரோடு சேர்ந்து நிற்கிறவர்களுக்கும் அதே கதிதான் என்றும் சொன்னான். சேரிக்குள்ளும் முணுமுணுப்பு எழுந்தது. "உன் வாய்க்கு நாங்களும் பட்டினி கிடக்கணுமாட்டி?" என்று கேட்டவர்கள் உண்டு. குருவம்மாள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரோடும் சண்டைக்கும் போகவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அரிவாளோடு குற்றாலத்து மலைச்சரிவுக்குப் போனார். சீசனுக்கு வந்திருந்த பங்களாக்காரர்களின் வண்டி மாடுகளுக்குப் புல் வேண்டியிருந்தது. தினமும் போக மூணு மைல், வர மூணு மைல்.

நாலைந்து நாள் கழித்துத் துணிக்கடை வாசல் வழியாகப் போனவரைப் பீர் மைதீன் கூப்பிட்டார். ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"அந்த மாசத்துப் பத்திரிகைம்மா. என்னோட சொந்தப் பிரதி. திருப்பித் தரவேண்டாம்."

"எனக்கு எதுக்கு மொதலாளி? நான்தான் கேட்டாச்சே."

"நீ கேட்டே. உங்க தெரு கேட்டுச்சா?"

குருவம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஊருக்குள் வாசிப்பு நடக்கிற அதே நாலு மணிக்கு, வாய்க்கால் மதகுச் சுவரில் உட்கார்ந்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். கேட்க வந்தவர்கள் பதினோரு பேர். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கதை முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "ஒரே அளவுச் செருப்பா? அதுக்கா இவ்வளவு அழுகை? எனக்குக் குடுக்கச் சொல்லு. பெருசா இருந்தா வைக்கோல் திணிச்சுக்கிடுதேன்." மதகே அதிரும்படி சிரிப்பு.

"விரல வெட்டணும்னா அங்கன சட்டம் போடணும்" என்றார் இன்னொருவர். "இங்கன அதுகூட வேண்டாம்."

கூட்டத்தின் ஓரத்தில் இசக்கிப்பாண்டி நின்றிருந்தார். வண்டிப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். திக்குவாய். பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் அவர் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள், அதனால் அவர் ஆரம்பிப்பதே கிடையாது. அன்றைக்கு ஆரம்பித்தார்.

"அ... அளவு கேட்டிருக்கலாம்லா?"

"என்ன அளவு?"

"கா... கால் அளவு. எல்லாருக்கும் செருப்பு, சரி. அவனவன் கால் அளவக் கே... கேட்டுத் தச்சா என்ன?"

யாரும் சிரிக்கவில்லை. குருவம்மாள் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு, அவரை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். கதையை எழுதியவருக்கும் தோன்றவில்லை, வாசகசாலைப் பெரிய மனுஷர்களுக்கும் தோன்றவில்லை, ஜன்னலில் நின்று அத்தனை பேசிய தனக்கும் தோன்றவில்லை. மூட்டை தூக்குகிறவருக்குத் தோன்றிவிட்டதே என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் மதகுக் கூட்டம் தொடங்கியது. பீர் மைதீன் மாதாமாதம் பழைய பத்திரிகைகளைக் கொடுத்தார். குருவம்மாள் ஈர மணலில் எழுத்து எழுதிக் காட்டினார். ஆறு மாதத்தில் ஏழு பேர் எழுத்துக் கூட்டினார்கள். அப்போது அவர் ஒரு விதி போட்டார்: இங்கே வாசிக்கிறவர், கேட்கிறவர் என்று பிரிவு கிடையாது, வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் உரக்க வாசிக்கவேண்டும். விதி நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து இசக்கிப்பாண்டி வரவில்லை.

குருவம்மாள் வண்டிப்பேட்டைக்கே போனார். இசக்கிப்பாண்டி மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"ஏன் வரல?"

அவர் தோள் துண்டை உதறினார்.

"எழுத்துத்தான் தெரிஞ்சுட்டே. பயப்படுததுக்கு என்ன இருக்கு?"

"நீ... நீயும் ஒரே அளவுலதான தை... தைக்குத" என்றார் இசக்கிப்பாண்டி. "ஒரு பக்கம். உனக்கு அஞ்சு நிமிசம். எ... எனக்கு அது ஒரு மலை. எல்லாரும் என் வா... வாயவே பாக்காங்க."

குருவம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் யாரையும் தாழ்த்துகிறவளா என்று சண்டை போட்டார். அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். குருவம்மாள் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சரி. என் தப்புதான். நீ வாசிக்காண்டாம். கேள்வி கேளு. ஒவ்வொரு கதைக்கும் முதக் கேள்வி உன்னது. நீ கேட்டு முடிக்குதவரைக்கும் எவனும் வாயத் தொறக்கக்கூடாது."

அதற்கப்புறம் இசக்கிப்பாண்டி சாகும்வரை அந்தக் கூட்டத்தில் முதல் கேள்வி அவருடையதுதான். எவ்வளவு நேரமானாலும் காத்திருந்தார்கள். சில கேள்விகளுக்கு ஒரு வாரம் முழுக்க விவாதம் நடந்ததாம்.

கூட்டம் முப்பது பேரைத் தாண்டியதும் பண்ணைக்குக் கண் உறுத்தியது. மதகு பண்ணையின் பாசனத்துக்குச் சொந்தம், அங்கே கூடக்கூடாது என்று காவல்காரன் கம்போடு வந்து நின்றான். குருவம்மாள் வாதாடவில்லை. "சரி, எவனுக்கும் சொந்தமில்லாத இடம் எங்கன இருக்குன்னு பாப்போம்" என்று கூட்டத்தைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவித் தண்ணீர் ஆறாகி இறங்கும் கீழ்ப்பக்கத்தில், குளிக்கிறவர்கள் வராத இடத்தில், பெரிய பாறைகள் கிடந்தன. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்றால் தொண்டை கிழிய வாசிக்கவேண்டும். வாசித்தார்கள். குரங்குகள் வந்து உட்கார்ந்து கேட்கும்.

சாரலில் காகிதம் நனைந்து போனது. பீர் மைதீன் ஒரு கறுப்புக் குடை கொடுத்தார். சேரிக்காரர்கள் குடை பிடித்து ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டு. குருவம்மாள் பிரித்துப் பிடித்தபடியே நடந்தார். குற்றாலம் சாலையில் இரண்டு பேர் மறித்தார்கள்.

"குடைய மடக்குட்டி."

"இது எனக்கில்ல, புஸ்தகத்துக்கு" என்று மடியிலிருந்த பத்திரிகைக் கட்டைக் காட்டினார். "சரஸ்வதி நனையலாமா? நீங்களே சொல்லுங்க."

மறித்தவர்கள் முழித்தார்கள். அவர் நடந்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க அதே பதிலைச் சொன்னார். அடுத்த வருஷம் வேறு ஒருவன் மறித்து, "புஸ்தகத்துக்குத்தான பிடிச்சிருக்க?" என்று அவனே வழி எடுத்துக் கொடுத்தான். குருவம்மாள் நின்றார். "இல்ல. எனக்குத்தான். நனைஞ்சா எனக்கும் சளி பிடிக்கும்" என்றார். அன்றைக்குக் குடையைப் பிடுங்கி ஒடித்தார்கள். கம்பி கன்னத்தில் கீறிவிட்டது. ஒடிந்த குடையோடு பாறைக்கு வந்து, தழும்பாகப்போகிற அந்தக் கீறலில் மஞ்சளை அப்பிக்கொண்டு, அன்றைய கதையை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பீர் மைதீன் இன்னொரு குடை வாங்கித் தந்தார். அதையும் பிரித்துத்தான் பிடித்தார்.

ஒரு நாள் பீர் மைதீன் கேட்டிருக்கிறார்: "அந்த ஒரு வரிக்கு ஒரு புஸ்தகம் சொல்லுவோம்னியே. எழுதேன். நான் அச்சுப் போடுதேன்."

"அந்த நாளு மொதல்ல வரட்டும் மொதலாளி. பாக்காத கூத்த எப்படி எழுதுதது?"

1937இல் அவருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. வாசகசாலைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதிப்பலகையின் நகல் ஒன்று பீர் மைதீனிடம் இருந்தது. அதில் முதல் விதி: 'எழுதப் படிக்கத் தெரிந்த சகல ஜாதியாரும் அங்கத்தினராகலாம்.' சர்க்கார் உதவி வாங்குவதற்காக எழுதிவைத்த வாசகம். எழுதியவர்களே அதை அதற்கப்புறம் படித்ததில்லை. குருவம்மாள் ஒரு விண்ணப்பம் எழுதி, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வாசகசாலைப் பின்ஜன்னலில் நீட்டினார்.

என் தகப்பனார் வாங்கினார். வாங்காமல் இருக்க விதியில் இடமில்லை. பரமசிவன் பிள்ளை அதைப் பார்க்காமலே, "பரிசீலனைன்னு எழுதிக் கட்டி வையும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு விண்ணப்பம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அதே வாசகம், தேதி மட்டும் வேறு. மழை, வெயில், காய்ச்சல் எதுவும் அந்த வெள்ளிக்கிழமைகளைத் தடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது. ஒருநாள் மட்டும் என் தகப்பனார் கேட்டார்: "அந்த விரல் இப்போ எப்படி இருக்கு?"

குருவம்மாள் சுண்டுவிரலைக் கம்பிக்கு நேராக உயர்த்திக் காட்டினார். நகம் கோணலாக முளைத்திருந்தது. "எழுத இடைஞ்சல் இல்ல" என்றார்.

நாற்பத்தோராவது விண்ணப்பம் வந்த வாரம் பரமசிவன் பிள்ளை எண்ணெய்க் குளியலுக்குக் குற்றாலம் போயிருந்தார். என் தகப்பனார் அங்கத்தினர் பதிவேட்டை எடுத்தார், அறுபத்து மூன்றாம் எண்ணுக்கு எதிரே 'குருவம்மாள், தென்காசி' என்று மையால் எழுதினார், கையெழுத்துப் போட்டார், அத்தாட்சிச் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். ஏன் செய்தீர்கள் என்று நான் பெரியவனான பிறகு கேட்டேன். வீரமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நாப்பத்தோரு விண்ணப்பத்தையும் நான்தான வாசிச்சேன். எல்லாம் ஒரே விண்ணப்பம்தான். ஆனா கையெழுத்து வாரத்துக்கு வாரம் நல்லாகிட்டே வந்துச்சு. அதுக்கு மேல எப்படிலே பரிசீலிக்குதது?" என்றார்.

விஷயம் தெரிந்ததும் பிள்ளை கொதித்தார். பதிவேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டு முத்திரை குத்தியிருந்தது. கிழிக்க முடியாது. பேரை அடித்தால் காரணம் எழுதவேண்டும். சுவரில் மாட்டியிருந்த விதியை வைத்துக்கொண்டு என்ன காரணம் எழுதுவது? யோசித்துவிட்டு என் தகப்பனாரை வேலையை விட்டு நிறுத்தினார். வாசகசாலைக்கு 'மராமத்து' என்று ஒரு பலகையை மாட்டிப் பூட்டுப் போட்டார். ஒருத்தி உள்ளே வருவதைவிட ஒருவரும் வராமல் இருப்பது மேல் என்பது அவர் கணக்கு.

"பிள்ளைவாள் சமபுரிக்கே பட்டம் கட்டிக்கிட்டாரு. இப்போ நம்ம எல்லாரும் சமம்" என்றார் பீர் மைதீன். என் தகப்பனாருக்குத் தன் கடையில் கணக்கப்பிள்ளை வேலை போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

பூட்டு இரண்டு வருஷம் தொங்கியது. கதை கேட்டுப் பழகிய காதுகள் சும்மா இருக்குமா? சீசனுக்குக் குற்றாலம் போகிற வாசகசாலை அங்கத்தினர்கள் சிலர், தற்செயலாகப் போவதுபோல அந்தப் பாறைகளின் பக்கம் போக ஆரம்பித்தார்கள். தூரத்தில் நின்று கேட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி வரி காதில் விழாது, கொஞ்சம் நெருங்கினார்கள். ஒருநாள் குருவம்மாள் வாசிப்பை நிறுத்தினார்.

"நின்னு கேக்குதவங்களுக்கு இங்கன கதை கிடையாது. உக்காருங்க."

"இருக்கட்டும், நாங்க இங்கேயே..."

"வாசகசாலை ஜன்னல்ல நான் மூணு வருஷம் நின்னு கேட்டிருக்கேன். கால் வலி எனக்குத் தெரியும். உக்காருங்க அண்ணாச்சி, பாறை எல்லாருக்கும் ஈரமாத்தான் இருக்கு."

இரண்டு பேர் போய்விட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி இசக்கிப்பாண்டியுடையது என்று தெரியாமல் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முந்திக்கொண்டார். முப்பது பேரும் அவரை ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டு, இசக்கிப்பாண்டி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

அந்த நாலு பேர்தான் மேலிடத்துக்கு மனு எழுதி, 1940 ஐப்பசியில் வாசகசாலையை மறுபடி திறக்கவைத்தவர்கள். பரமசிவன் பிள்ளை தலைமையை விட்டு விலகினார். அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே அவர் வரவில்லை. திறந்த அன்றைக்குக் குருவம்மாள் முன்வாசல் வழியாக வந்தார். துவைத்து உலர்த்திய சேலை, கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, ஒன்பது பேர் மூன்று பேரானார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்றைய பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். எழுந்தபோது, மிச்சமிருந்த மூவரில் ஒருவரான பீர் மைதீன், "எப்படிம்மா இருக்கு நம்ம வாசகசாலை?" என்று கேட்டார்.

"பாச்சா உருண்டை நாத்தம். பாறைதான் நல்லாருக்கு" என்றார் குருவம்மாள். ஆனாலும் வாரம் தவறாமல் வந்தார். பாறைக்கும் போனார்.

அதற்கு நாலைந்து மாதம் கழித்து, 1941இல், ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாலிபர் சேரிக்கு வந்தார். கையில் சீட்டுக் கட்டு, காதில் பென்சில். வாசலில் நின்றபடியே கேட்டார். பேர், வயசு, எழுதப் படிக்கத் தெரியுமா எல்லாம் முடிந்தது.

"தொழில்?"

"வாசிக்குதது" என்றார் குருவம்மாள்.

"நாதஸ்வரமா?"

"கதை, பத்திரிகை, புஸ்தகம். வாசிச்சுச் சொல்லுதேன், வாசிக்கச் சொல்லியும் தாரேன். முப்பத்தஞ்சு பேருக்கு."

வாலிபர் சிரித்தார். "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பப் போனவரின் சீட்டைக் குருவம்மாள் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"கூலின்னுல்லா எழுதியிருக்கீங்க. அடிங்க அத."

"அம்மா, புல்லு வெட்டி விக்கிறீங்க, அதுக்குப் பேரு கூலிதான். இதுல வேற எதையும் எழுத இடமில்ல."

"பக்கத்துல ரெண்டு விரக்கடை இடம் காலியா இருக்கு. எனக்குத் தெரியுது."

அவர் நகரப் பார்த்தார். குருவம்மாள் வாசலை மறித்து நின்றார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றிக்கொண்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை, சும்மா நின்றார்கள். வெயில் ஏறியது. இன்னும் அறுபது வீடு பாக்கி இருந்தது அவருக்கு. கடைசியில் பென்சிலை எடுத்து 'கூலி'யை அடித்து, பக்கத்தில் 'வாசிபு' என்று எழுதினார்.

குருவம்மாள் குனிந்து பார்த்தார்.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு தம்பி. 'பு'வுக்கு முன்னால புள்ளி வச்ச 'ப்' ஒண்ணு வேணும். திருத்திட்டுப் போங்க."